நெகிழும் எழுத்தும் நெகிழாத படமும்: டைலிங் சாளர முறை குறித்து

கணினித் திரையில் சாளரங்களை இழுத்து, சுருக்கி, ஒன்றை விலக்கி இன்னொன்றைத் தேடும் வேலையைப் பயனரிடமிருந்து எடுத்து நிரலிடமே ஒப்படைப்பது டைலிங் முறை. தரையில் ஓடு பதிப்பதுபோல, ஒன்றையொன்று மறைக்காமல் சாளரங்கள் திரையை நிறைக்கின்றன. இதனால் வேலை விரைகிறது என்பார்கள். விரைகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குத் தானியக்கமே காரணம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சாளரத்துக்குள் இருக்கும் பொருள் கொடுத்த இடத்துக்கேற்ப நெகிழுமா என்பதைப் பொறுத்தே இம்முறை வெல்கிறது அல்லது தோற்கிறது.

1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் பயன்பாட்டுச் சாளரங்கள் அருகருகேதான் அமைந்தன. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0உம் அப்படித்தான். 1987 இறுதியில் வந்த விண்டோஸ் 2.0 ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் சாளரங்களுக்கு மாறியதும், டைலிங் தோற்றுவிட்டதாகப் பலரும் முடிவுகட்டினர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே சாரா பிளையும் ஜாரெட் ரோசன்பெர்கும் இரு முறைகளையும் சோதனையில் ஒப்பிட்டு, டைலிங்கில் விரைந்து முடியும் பணிகளும் உண்டு, அதனால் பயன்பெறும் பயனர்களும் உண்டு என்று காட்டியிருந்தார்கள். உள்ளடக்கம் கட்டத்துக்குள் ஒழுங்காக அடங்குகிறதா என்பதே அவர்களது ஆய்வில் முக்கியமான வேறுபாடு. பின்னாளைய விவாதங்கள் இதைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

டைலிங் திரும்பி வந்தது நிரலாளர்கள் வழியே: 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனாட், 2009இல் ஐ3 என்று சாளர மேலாண்மை நிரல்கள் வந்தன. இவற்றுள் டிடபிள்யூஎம் இயங்குவதை அருகிருந்து பார்க்கலாம். 1920 பிக்சல் அகலத் திரையில் உரைத்தொகுப்பியைத் திறந்தால் முழு அகலமும் அதற்கே. அடுத்து ஒரு முனையத்தைத் திறந்ததும் திரை 55க்கு 45 என்று பிரிகிறது. புதிதாக வந்த முனையத்துக்கு இடப்பக்கம் ஏறத்தாழ 1056 பிக்சல், வலப்பக்கம் நகரும் தொகுப்பிக்கு 864. மூன்றாவதாக ஒன்றைத் திறந்தால் அது இடப்பக்கத்தை எடுத்துக்கொள்ள, வலப்பத்திதான் முனையத்துக்கும் தொகுப்பிக்குமாக மேலும் கீழுமாகப் பிளக்கும். தொகுப்பியின் உயரம் குறையும், அகலம் மாறாது. வரிகள் மடிந்து மாறுவது ஒருமுறைதான். அதன்பின் எத்தனை சாளரம் வந்தாலும், வாசித்துக்கொண்டிருந்த வரி மடிந்த இடத்திலேயே மடிந்திருக்கும். முனையமும் நிரல்வரியும் சுருக்கினால் சுருங்கி, விரித்தால் விரிபவை என்பதால்தான் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது.

தானியக்கமே காரணம் என்றால் ஐ3 இவ்வளவு பேரைக் கவர்ந்திருக்கக் கூடாது. அதில் அடுத்த சாளரம் பக்கவாட்டில் வரவேண்டுமா, கீழே வரவேண்டுமா என்பதைப் பயனரே விசை அழுத்திச் சொல்கிறார். தீர்மானம் அவர் கையில் இருந்தும் அம்முறை அவருக்கு உதவுகிறது.

எதிர்ச்சான்று டிடபிள்யூஎம்மின் உள்ளேயே கிடக்கிறது. அதனுடன் வரும் அமைப்புக் கோப்பில், படத்தொகுப்பு நிரலான கிம்ப்பை மட்டும் கட்டத்தில் அடைக்காமல் மிதக்கவிடும்படி ஒரு விதி முன்மாதிரியாக எழுதப்பட்டுள்ளது. கிம்ப் நெடுங்காலம் கருவிப்பெட்டிகளைத் தனித்தனிச் சாளரங்களாக வைத்திருந்தது. ஒற்றைச் சாளரத்தில் இயங்கும் வசதி 2012இல் வந்த 2.8 பதிப்பில்தான் கிடைத்தது. விரலளவே வேண்டிய பெட்டிக்குப் பாதித் திரையைத் தூக்கிக் கொடுத்தால் படத்துக்கு ஏது இடம்? உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் பங்கிடும் விதிக்கு விலக்கு தேவைப்படத்தான் செய்யும்.

எழுத்து என்றாலே நெகிழும் என்று கொள்வதும் தவறு. அந்த எண்ணம் ஆங்கில எழுத்தை வைத்துப் பிறந்தது. ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். குறுகிய பத்தியில் அது மொத்தமாக அடுத்த வரிக்குத் தாவ, மேல்வரியில் பெரிய வெற்றிடம் விழுகிறது. முனையத்தில் நிலைமை இன்னும் மோசம்: சம அகலக் கட்டங்களில் எழுத்தை வைக்கும் பல முனையங்களில் ‘கொ’வின் கொம்பும் காலும் பிரிந்தோ வெட்டுப்பட்டோ நிற்கின்றன. அதே 1920 பிக்சல் திரையை மூன்று பத்திகளாகப் பிரித்தால் கிடைக்கும் 640 பிக்சல், தமிழில் மெய்ப்புத் திருத்துபவருக்குப் போதாது. எழுத்தின் அளவைக் குறைத்தால் புள்ளி தெரியாது.

ஆகவே பேப்பர்டபிள்யூஎம், நிரி ஆகிய சாளர மேலாண்மை நிரல்கள் எடுத்துள்ள வழி கவனத்துக்குரியது. இவற்றில் சாளரங்கள் திரையைத் தாண்டிப் பக்கவாட்டில் நீளும் ஒரு பட்டையில் வரிசையாக நிற்கின்றன. நிரியில் புதிய சாளரம் திறந்தால் பழையது எதுவும் சுருங்குவதில்லை, பட்டைதான் நீள்கிறது. மெய்ப்புப் பக்கத்துக்கு ஒருமுறை அகலம் வைத்துவிட்டால், அருகே அகராதியைத் திறந்தாலும் மூலப்பிரதியைத் திறந்தாலும் அந்த வரிகள் மடிந்த இடத்திலேயே மடிந்திருக்கும்.