சலிவன் சகோதரர்கள்

ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட் ஆகிய ஐந்து உடன்பிறந்தாரே சலிவன் சகோதரர்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள வாட்டர்லூ நகரைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ‘ஜூனோ’ என்ற ஒரே போர்க்கப்பலில் பணியாற்றி, 1942 நவம்பரில் சாலமன் தீவுகளுக்கு அருகே ஐவரும் மாண்டனர்.

தந்தை தாமஸ் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயில் சரக்கு ரயில் கார்டு. தாய் அலெட்டா. ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ஐந்து ஆண்களோடு வளர்ந்த ஒரே பெண் ஜெனிவீவ். பிள்ளைகள் உள்ளூரில் இருந்த ரேத் இறைச்சிப் பதன ஆலையில் வேலை பார்த்தார்கள். மூத்தவர் இருவரும் ஏற்கெனவே ஒருமுறை கடற்படையில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்கள். கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்கு மட்டும் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத் தாக்குதலில் ‘அரிசோனா’ கப்பலோடு இறந்தவர்களுள் பில் பால் என்ற அயோவா இளைஞரும் ஒருவர். அவர் சலிவன்களின் நண்பர். ஐவரும் கடற்படையில் சேர அவருடைய சாவுதான் உடனடிக் காரணம். நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்செல்லாம் பிற்பாடு சுவரொட்டிகளில் வந்தது. தொடக்கத்தில் இருந்தது நண்பனுக்கான பழி. 1942 ஜனவரி 3 அன்று சேர்ந்தபோது அவர்கள் வைத்த நிபந்தனை, ஐவரையும் ஒரே கப்பலில் போட வேண்டும் என்பது. உடன்பிறந்தோரைப் பிரித்து வைக்கும் வழக்கம் கடற்படையில் இருந்தாலும் அதைக் கறாராகப் பின்பற்றவில்லை. ஜூனோவில் ரோஜர்ஸ் என்ற வேறொரு குடும்பத்தின் நான்கு சகோதரர்களும் இருந்தார்கள். கப்பல் மூழ்குவதற்குச் சற்று முன் அவர்களில் இருவர் வேறு கப்பலுக்கு மாறினார்கள். தங்கிய இருவரும் பிழைக்கவில்லை.

நவம்பர் 13 அன்று நடந்த குவாடல்கனால் கடற்போரில் டார்பிடோ தாக்கிச் சேதமடைந்த ஜூனோ, மற்றக் கப்பல்களோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முற்பகல் 11 மணியளவில் ஜப்பானின் ஐ-26 நீர்மூழ்கி விட்ட டார்பிடோ பட்டு வெடித்துச் சிதறி நொடிகளில் மூழ்கியது. நீர்மூழ்கிக்கு அஞ்சி மற்றக் கப்பல்கள் நிற்காமல் போய்விட்டன. ஆனால் ஏறக்குறைய நூறு பேர் உயிரோடு தண்ணீரில் கிடந்தார்கள். எட்டு நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் பத்தே பேர். மூத்தவரான ஜார்ஜ் சில நாள் தெப்பத்தில் உயிரோடு இருந்ததை அவர்கள் வழியாகவே உலகம் அறிந்தது. இறந்தோர் மொத்தம் 687.

கப்பல் மூழ்கியதைக் கடற்படை வெளியிடவில்லை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்பது காரணம். வாட்டர்லூவில் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளைகளின் கடிதம் நின்றுவிட்டது. கப்பல்களிலிருந்து போகும் கடிதங்களை அதிகாரிகள் படித்துத் தணிக்கை செய்தே அனுப்பினார்கள். இருந்தும் வேறொரு மாலுமி தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் சலிவன் வீட்டு ஐவரும் இறந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று குறிப்பிட்டிருந்தார். அந்தத் தாய் அதை அலெட்டாவிடம் சொன்னார். 1943 ஜனவரியில் அலெட்டா கடற்படைப் பணியாளர் துறைக்குக் கடிதம் எழுதி, உண்மை எதுவானாலும் சொல்லுங்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் ‘தவாசா’ என்ற கப்பலுக்குப் பெயர் சூட்ட அவரை அழைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் வந்து பெயர் சூட்டுவேன், அது அவர்களுடைய ஆசை என்றும் அதே கடிதத்தில் எழுதினார். சொன்னபடியே பிப்ரவரி 22 அன்று ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பெயர் சூட்டினார்.

அதற்கு முன்பே, ஜனவரி 12 காலை, தாமஸ் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கடற்படையினர் மூவர் வாசலுக்கு வந்தார்கள். ஐவரில் யார் என்று அவர் கேட்டார். ஐவருமே என்றார்கள். அன்றும் அவர் ரயிலுக்குப் போனார். அலெட்டாவின் கடிதத்துக்கு மறுநாள் தேதியிட்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அனுப்பிய பதிலில் ‘காணாமற்போனோர்’ என்ற சொல்தான் இருந்தது.

அதன்பின் அரசு இந்தத் துக்கத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பெற்றோரை ஊர் ஊராக ஆயுத ஆலைகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் அழைத்துச் சென்று பேசவைத்தார்கள். 1944-இல் திரைப்படமும் வந்தது. ஜெனிவீவ் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். ‘தி சலிவன்ஸ்’ என்ற நாசகாரிக் கப்பலை 1943 ஏப்ரலில் தாயே தொடங்கி வைத்தார். அது இன்று பஃபலோ நகரில் காட்சிக்கு நிற்கிறது. அதே பெயரில் 1997-இல் சேவைக்கு வந்த இரண்டாவது கப்பலைத் தொடங்கி வைத்தவர் ஆல்பர்ட்டின் பேத்தி.

உடன்பிறந்தோர் ஒரே கப்பலில் பணியாற்றக் கூடாதென ‘சலிவன் சட்டம்’ இருப்பதாகப் பலர் சொல்வது தவறு. அப்படியொரு சட்டம் இயற்றப்படவே இல்லை. குடும்பத்தில் எஞ்சிய ஒரே பிள்ளைக்குப் பாதுகாப்புத் தரும் விதிகள் 1948-இல் வந்தன. அவற்றுக்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம்.

ஜூனோவின் சிதைவு 2018 மார்ச் 17 அன்று ஏறத்தாழ 4,200 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐவரின் உடல்களும் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலுள்ள அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், காணாமற்போனோர் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.