அந்நியன் என்று பெயர் வைத்த வாயு

புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அந்த மணிகள் முழுக்க நுண்துளைகள்தான். அந்தத் துளையின் அகலத்தை எப்படி அளப்பது?

1898இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயு செனான். கிரேக்கத்தில் 'அந்நியன்' என்று பொருள். எதனோடும் எளிதில் சேராது. வகுப்பில் 'மந்த வாயு' என்று ஒரே வரியில் கடந்துவிடுவோம், பாவம்!

1980களின் தொடக்கத்தில் பாரிஸில் இட்டோவும் ஃபிரெய்சாரும் அதைச் சியோலைட் கனிமத்தின் துளைகளுக்குள் அனுப்பி, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் பார்த்தார்கள். செனானின் எலக்ட்ரான் மேகம் பெரியது. சுவரில் மோதினால் உருக்குலையும், உடனே அதன் அதிர்வெண் நகரும். துளை குறுகக் குறுக நகர்வு கூடும். பிறகு சிலிக்கா ஜெல்லையும் இப்படியே அளந்தார்கள். எதனோடும் சேராததால் பொருளும் கெடுவதில்லை.

இன்று அதே செனானை நோயாளிகளைச் சுவாசிக்க வைத்து நுரையீரலைப் படம் எடுக்கிறார்கள்.