குடும்ப வரவு செலவு: பங்கில் கற்க ஒரு பாடம்



நம் பங்கில் மறைக்கல்வி வகுப்பு உண்டு, திருமணத் தயாரிப்பு வகுப்பும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் வரவு செலவைப் பற்றி நாம் கோவிலில் பேசுவதில்லை. அது வீட்டு விஷயம், வெளியே சொன்னால் மானம் போகும் என்று மறைத்து வைக்கிறோம். விவிலியம் அதை மறைக்கவில்லை.

எலிசா தந்த பாடம்

கணவரை இழந்த ஒரு பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் கதறுகிறார் (2 அரசர்கள் 4:1-7). கடன் கொடுத்தவன் அவருடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்கிறார். இருந்தது சிறிது எண்ணெய் மட்டுமே. அது பெருகியபின், அதை விற்றுக் கடனை அடைக்கவும், மீதியைக் கொண்டு பிள்ளைகளோடு வாழவும் சொல்கிறார். இருப்பதை அறிதல், கடனை அடைத்தல், மீதியில் வாழ்தல் என்று அந்தப் புதுமைக்குள்ளேயே ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது.

அன்டிகோனிஷ் காட்டிய வழி

கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையில் வாழ்ந்த மீனவர்கள் வணிகரிடம் கடனுக்கு வலையும் மளிகையும் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்து வந்தார்கள். அருட்தந்தை ஜிம்மி டாம்ப்கின்ஸ், அருட்தந்தை மோசஸ் கோடி ஆகியோர் அவர்களுக்குக் கல்வியே விடுதலை என்று நம்பினார்கள். 1928-இல் அன்டிகோனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் விரிவாக்கத் துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கோடி. அக்கம்பக்கத்தார் சிறு சிறு குழுக்களாகக் கூடிப் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் சிறுகச் சேமித்து, தங்களுக்கென்று கடன் சங்கங்களையும் கூட்டுறவு அமைப்புகளையும் தொடங்கினார்கள். நம் அன்பியக் கூட்டத்திலும் இது முடியாததல்ல.

வகுப்பில் என்ன கற்கலாம்?

1. எழுதுதல்: ஒரு மாதம் முழுவதும் ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுத வேண்டும். நாளுக்கு 30 ரூபாய் வீண்செலவு ஆண்டுக்கு 10,950 ரூபாய். எழுதும்போதுதான் அது கண்ணில் படும்.

2. வட்டியை அறிதல்: ‘ஐந்து வட்டி’ என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 விழுக்காடு. 20,000 ரூபாய் வாங்கியவர் 20 மாதத்தில் வட்டியாகவே 20,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் உண்டு.

3. கடனை வரிசைப்படுத்துதல்: வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும். ஒரு கடனை அடைக்க அதைவிட வட்டி கூடிய இன்னொரு கடனை வாங்கக் கூடாது.

4. சேமித்தல்: செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்றால் எதுவும் மிஞ்சாது. வருமானம் வந்த அன்றே சிறு தொகையை ஒதுக்க வேண்டும். பதிவு பெறாத சீட்டில் பணத்தைப் போடக் கூடாது.

5. விழாச் செலவு: புதுநன்மை விருந்துக்கும் திருமண ஆடம்பரத்துக்கும் கடன் வாங்குவது நம்மிடையே பெரிய சுமை. நற்கருணை ஆண்டவரை வரவேற்கப் பந்தலும் பிரியாணியும் கட்டாயமல்ல.

இருவரும் சேர்ந்து

கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் வகுப்பு பலன் தரும். கணவரின் கைமாற்று மனைவிக்குத் தெரியாது, மனைவி அடகு வைத்த வளையல் கணவருக்குத் தெரியாது என்றிருக்கும் வீட்டில் பணத்துக்கு முன்னால் நம்பிக்கைதான் கரைகிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் ஆண்டவர் (லூக்கா 14:28-30). சீடத்துவத்தைப் பற்றிய அந்த உவமைக்கு, நம் வீட்டுக்குத் தெரிந்த இந்தக் கணக்கையே அவர் எடுத்துக்கொண்டார்.

சிந்தனைக்கு: இன்று இரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், எழுந்து போகாமல் இன்னும் பத்து நிமிடம் உட்காருவோமா? ஒருவருக்கொருவர் மறைத்த கடன் ஒன்று இருந்தால், அதை அங்கே சொல்வோமா?