29,000 அடிக்கு மேல ஓர் ஆயிரம் அடி

இந்த எபிசோட ஒரு மொட்டை மாடியில இருந்து ஆரம்பிக்கலாம்.

சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடியில நின்னா, கீழே சென்னை–பெங்களூரு ஹைவே சத்தம் கேட்கும். மேலே விமானங்கள் போகும். சிலது கொஞ்சம் தாழ, சிலது ரொம்ப உயரத்துல வெள்ளைக் கோடு இழுத்துக்கிட்டு. யார் எந்த உயரத்துல போகணும்னு எப்படி முடிவாகுது? இதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைச்சது.

முதல்ல எரிபொருள் கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலியும், தடை குறையும். அதனால ஜெட் விமானத்துக்கு உயரம்னா மிச்சம். எட்டுப் பேர் உட்கார்ற பிசினஸ் ஜெட்கூட 41,000, 43,000 அடின்னு ஏறப் பார்க்கும். ஆனா எல்லாப் பயணத்துக்கும் இது பொருந்தாது. சென்னை–பெங்களூரு நேர்கோட்டுல சுமார் 270 கி.மீ.தான். அவ்வளவு உயரம் ஏறி முடிக்கறதுக்குள்ள இறங்க ஆரம்பிக்கணும். ஏறும்போது எரிச்சதை மேலே ஓடித் திரும்ப எடுக்க தூரமே இல்ல. சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ. அங்க உயரம் லாபம்.

எவ்வளவு ரொப்பணும்? அது விமானத்தோட எடையைப் பொறுத்தது. அந்த எடையிலயே எரிபொருளும் இருக்கு. கோட் எழுதறவங்களுக்கு இது பழகின சிக்கல்: விடையே இன்புட்ல இருக்கு. ஒரு எண்ணை ஊகிச்சு, கணக்குப் போட்டு, வந்ததைத் திரும்ப உள்ளே போட்டு, எண் அசையாம நிக்கற வரைக்கும் லூப் ஓட்டணும். அதுக்கு மேல எதிர்பாராத செலவுக்குப் பொதுவா 5 சதவீதம். டெல்லியில இறங்க முடியலன்னா வேற விமான நிலையம் வரைக்கும் போக ஒரு பங்கு. கடைசியா, 1,500 அடி உயரத்துல 30 நிமிஷம் சுத்தறதுக்கு ஒரு பங்கு. "இன்னும் கொஞ்சம் ரொப்பிட்டா என்ன?"ன்னு தோணும். கூடுதல் எரிபொருளைச் சுமக்கறதுக்கே, மணிக்கு அதுல சுமார் 3, 4 சதவீதம் எரிஞ்சு போயிடும்.

சரி, கணக்குல ஒரு நல்ல உயரம் வந்துடுச்சு. அந்த உயரம் உங்களுக்குக் கிடைக்குமா? வரலாறு இங்கதான் உள்ளே வருது.

ஜெட் யுகத்தோட ஆரம்பத்துல வந்த விதி இது: 29,000 அடி வரைக்கும் விமானங்களுக்கு நடுவுல 1,000 அடி இடைவெளி. அதுக்கு மேல 2,000 அடி. ஏன் மேல அதிகம்? உயரமானி உண்மையில அளக்கறது காற்றழுத்தத்தை. கடல் மட்டத்துல ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினா சுமார் 27 அடி வித்தியாசம். 41,000 அடியில அதே ஒரு ஹெக்டோபாஸ்கல் சுமார் 115 அடி. கருவியில இருக்கற அதே சின்னப் பிழை, மேலே நாலு மடங்கு ஆயிடுது.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது உடனே புரியும். டேனரியில தோலோட தடிமனை கேஜ் வச்சுப் பார்ப்பாங்க. கேஜ் மேல நம்பிக்கை இல்லன்னா, ஷேவிங் மெஷின்ல கொஞ்சம் தடிமனாவே விடுவாங்க. சீவின தோலைத் திரும்ப ஒட்ட முடியாதே. அந்த 2,000 அடியும் அப்படி விட்ட தடிமன்தான்.

அதுக்கு விலை இருந்துச்சு. 29,000-ல இருந்து 41,000 அடி வரைக்கும் மொத்தமே 7 தளங்கள். கிழக்கே போறவங்களுக்கு 4, மேற்கே போறவங்களுக்கு 3. சென்னையில இருந்து டெல்லி பாதை லேசா மேற்கே சாயும். அப்போ கிடைக்கறது 31,000, 35,000, 39,000 மட்டும். மேல ரெண்டுலயும் ஆள் இருந்தா 31,000-ல ஓட்டுங்க, எரிபொருளும் அதிகமா எரியும். கருவிகள் முன்னேறினதும், 1980கள்ல இருந்து, இந்த இடைவெளியைப் பாதியாக்கலாமான்னு உலக அளவுல ஆய்வு நடந்தது. 1997 மார்ச்சில் வட அட்லாண்டிக்கில் முதலில் அமலுக்கு வந்தது.

அதுக்கு நாலு மாசம் முன்னாடி, நம்ம நாட்டுல ஓர் ஆயிரம் அடி இல்லாமப் போச்சு.

1996 நவம்பர் 12, மாலை. டெல்லியில் இருந்து கிளம்பிய சவூதி அரேபிய ஏர்லைன்ஸ் போயிங் 747-க்கு 14,000 அடி ஒதுக்கப்பட்டது. எதிரே டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76-க்கு 15,000 அடி. இல்யூஷின் தன் உயரத்தைத் தாண்டி இறங்கியது. சர்க்கி தாத்ரி வானில் இரண்டும் மோதின. 349 பேர் இறந்தனர். சவூதிக்கு வேலைக்குப் போன இந்தியர்கள் பலர் அதில் இருந்தனர். எங்க பக்கம் சவூதிக்குப் போனவங்க இல்லாத தெரு கம்மி. அதனால இதை வெறும் எண்ணா என்னால படிக்க முடியல.

அன்னிக்கு டெல்லி ரேடார்ல விமானம் எங்கே இருக்குன்னு தெரியும். எந்த உயரத்துல இருக்குன்னு தெரியாது. விமானி சொல்றதுதான் உயரம். அதுக்கப்புறம் உயரத்தைக் காட்டும் ரேடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாச்சு.

ஏழு வருஷம் கழிச்சு, 2003 நவம்பர் 27-ல, இந்திய வான்வெளியில 29,000–41,000 அடிக்கு நடுவுல இடைவெளி 2,000-ல இருந்து 1,000 அடியாக் குறைஞ்சது. 7 தளங்கள் 13 ஆச்சு. இவ்வளவு பெரிய விபத்தைப் பார்த்த நாடு இடைவெளியைக் குறைச்சது, படிச்சப்போ எனக்கும் உறுத்துச்சு. ஆனா தாத்ரியில தவறினது இடைவெளியோட அளவு இல்ல. ஒதுக்கின உயரத்துல விமானம் இருக்கான்னு சரிபார்க்க வழி இல்லாததுதான். இந்தப் புது விதி சரிபார்த்தவங்களை மட்டும்தான் உள்ளே விட்டுச்சு: தனித்தனியா இயங்கற ரெண்டு உயரமானி, உயரத்தைப் பிடிச்சு நிறுத்தற ஆட்டோபைலட், விலகினா எச்சரிக்கற அமைப்பு. இதெல்லாம் சோதிக்கப்பட்டு அனுமதி வாங்கியிருக்கணும்.

இதுல மாட்டிக்கிட்டது பழைய பிசினஸ் ஜெட்கள்தான். செலவு பண்ணிக் கருவி மாத்தணும். இல்லன்னா 28,000 அடியோட நிக்கணும். இல்லன்னா அனுமதி கேட்டு நடுவுல ஏறி 43,000-க்குப் போகணும், முழு எடையோட அது எல்லாத்தாலயும் முடியாது. கீழேயே ஓட்டினா எரிபொருள் கூடும், ஒரே மூச்சுல போன ஊருக்கு வழியில இறங்கி ரொப்ப வேண்டி வரும். உலகம் முழுக்க, கருவி மாத்தற செலவு விமானத்தோட விலைக்கே கட்டுப்படியாகாம நின்னுபோன பழைய ஜெட்கள் உண்டு.

1,000 அடின்னா சுமார் 305 மீட்டர். எங்க வீட்டுல இருந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் அவ்வளவுதான் இருக்கும். அந்த தூரத்துல, ஒண்ணு மேல ஒண்ணா, ரெண்டு விமானம் எதிரெதிரே போகுது. பைலட் கம்ப்யூட்டர்ல எரிபொருள் கணக்குப் போடும்போது அடுத்த விமானத்தோட உயரமானி சரியா இருக்கும்ங்கறதும் அந்தக் கணக்குல சேர்ந்துதான் இருக்கு.