வீணை எஸ். பாலச்சந்தர்

வீணை எஸ். பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) கருநாடக இசை வீணைக் கலைஞர். திரைப்பட நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர். இயக்குநர் கே. பாலச்சந்தர் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவரெனக் கொள்வது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை.

சென்னையில் வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் மகனாகப் பிறந்தார். பாடகரும் ஓவியருமான எஸ். ராஜம் இவருடைய அண்ணன். 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் இராமராகவும், அக்காள் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். உடன்பிறந்தவர்கள் இணையாக நடித்தது அன்று பெரும் சலசலப்பை உண்டாக்கியது. சிறுவன் பாலச்சந்தரும் கஞ்சிராவுடன் அப்படத்தில் தோன்றினார்.

கஞ்சிராவுக்குப் பின் தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், புல்புல்தாரா, தில்ரூபா, சித்தார் எனக் கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் வாசித்தார். இளம் வயதிலேயே சென்னை வானொலியில் கலைஞராகச் சேர்ந்தார். வீணையைக் கையில் எடுத்ததும் பிற கருவிகள் பின்தங்கின. இதற்கும் குரு கிடையாது. இன்று இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கைப்பேசியைப் பார்த்துத் தாமாகவே கிதார் பழகும் பிள்ளைகள் உண்டு. குரு பரம்பரையைச் சொல்லியே ஒருவரை அறிமுகப்படுத்தும் சபைகளில், அந்தக் காலத்தில், 'எனக்கு நானே ஆசிரியன்' என்று நிற்பது எளிதன்று.

அவருடைய வாசிப்பின் தனித்தன்மை இடக்கையில் இருந்தது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெட்டு என விரலை நகர்த்தி மீட்டலாம். அல்லது ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். இழுக்க இழுக்கத் தந்தி இறுகி ஒலி உயரும். பாலச்சந்தர் ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் தந்தியை இழுத்தே பல சுரங்களைக் காட்டுவார். குரலில் வரும் குழைவு அதனால் வீணையிலும் வந்தது. 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அமெரிக்க நிறுவனங்களும் அவருடைய வாசிப்பைப் பதிவு செய்தன.

திரையுலகிலும் அவர் பிறர் போன வழியில் போகவில்லை. 'என் கணவர்' (1948), 'கைதி' (1951) ஆகியவற்றை இயக்கியபின், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' தந்த தூண்டுதலில் ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை எடுத்தார். சிவாஜி கணேசன் நடித்த இப்படத்தில் பாட்டில்லை, நடனமில்லை. பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்த காலம் அது. அதுவும் ஓர் இசைக்கலைஞர் எடுத்த படம்! 'பொம்மை' (1964) வழியாகப் பாடகர் கே. ஜே. யேசுதாசைத் தமிழுக்கு அறிமுகப்படுத்தினார். 'நடு இரவில்' (1970) படத்துக்குப் பின் வீணையோடு நின்றுவிட்டார்.

1982-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். விருதுக்குப் பிறகும் அவர் அமைதியாக இருக்கவில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் பாடல்கள் உண்மையில் அவர் இயற்றியவைதாமா என்று கேட்டு, இசையுலகில் பலருடைய பகையைத் தேடிக்கொண்டார். அவருடைய முடிவை ஏற்காதவர்களே மிகுதி. எனினும் பாடல்களுக்கு ஆவணச் சான்று கேட்டது தவறென்று சொல்ல முடியாது.

'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. 36 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் பிலாய் நகரில் பாலச்சந்தர் காலமானார்.