மியன்மார் அரசியல் சட்டம்: குடும்பத்துக்கு என்ன இடம்?

மியன்மாரின் 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் குடும்பம் குறித்த இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. தாய்மார், குழந்தைகள், அநாதைகள், உயிர்நீத்த படையினரின் பிள்ளைகள், முதியோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரை அரசு பராமரிக்கும் என்கிறது 32ஆவது பிரிவு. ஒருவரது பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், மருமக்கள் ஆகியோரில் எவரேனும் வெளிநாட்டுப் பிரஜையாக இருந்தால் அவர் ஜனாதிபதியாக முடியாது என்கிறது 59ஆவது பிரிவு.

இவ்விரண்டையும் திருத்த நடந்த முயற்சிகள், அந்நாட்டில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதைக் காட்டுகின்றன.

ரங்கூனின் வாக்குறுதி

சுதந்திர பர்மாவின் முதல் அரசியல் சட்டம், இன்று யங்கூன் என்றழைக்கப்படும் ரங்கூனில் 1947 செப்டம்பர் 24ஆம் தேதி ஏற்கப்பட்டது. அதன் வழிகாட்டு நெறிகள் 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பின்பற்றியவை. தாய்சேய் நல நிலையங்கள், குழந்தைகள் காப்பகங்கள், வேலைக்குச் செல்லும் தாய்மாருக்குச் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு என அதன் வாசகங்கள் திட்டவட்டமாக இருந்தன. ஆனால் அவற்றை நிறைவேற்றக் கோரி எவரும் நீதிமன்றம் செல்ல முடியாது.

அந்தச் சட்டம் 1962 இராணுவப் புரட்சியுடன் செயலிழந்தது. 2008ஆம் ஆண்டின் வாசகமோ, 'பராமரிக்கும்' என்ற பொதுவான சொல்லுடன் நின்றுவிடுகிறது.

புதிய சட்டத்துக்கு மக்களின் ஒப்புதல் பெறப்பட்ட விதமும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கிஸ் சூறாவளி தாக்கி, சுமார் 1,38,000 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். ஆயினும் மே 10ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. யங்கூனின் பெரும் பகுதியிலும் ஐராவதி கழிமுகத்தின் மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களிலும் அது மே 24ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 92 சதவீதத்தினர் ஆதரித்ததாக இராணுவ அரசு அறிவித்தது.

75 சதவீதத் தடை

அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் 75 சதவீதத்துக்கும் அதிகமான ஆதரவு வேண்டும். 25 சதவீத ஆசனங்கள் இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளதால், அதன் சம்மதமின்றி எதுவும் நிறைவேறாது. 32, 59 ஆகிய பிரிவுகளுக்கு இதனுடன் பொதுவாக்கெடுப்பும் அவசியம். அதில், வாக்களித்தோரில் அல்ல, வாக்குரிமை பெற்ற அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும்.

ஆங் சான் சூ சியின் மகன்கள் இருவரும் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால், 59ஆவது பிரிவு அவரையே குறிவைத்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. அதிலிருந்து மருமக்களை மட்டும் நீக்கும் யோசனைகூட 2015 ஜூனில் தோல்வியடைந்தது.

2020 மார்ச்சில் சூ சியின் தேசிய ஜனநாயக லீக், இராணுவத்தின் ஆசனங்களைப் படிப்படியாகக் குறைப்பது உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களை முன்வைத்தது. நாடாளுமன்றத்தில் தேறியவை, உடல் ஊனமுற்றோர் போன்றோரைக் குறிக்கும் பர்மியச் சொற்களைத் திருத்துவது போன்ற சில சிறு மாற்றங்களே.

சொல்லும் செயலும்

சொல் மாற்றத்துக்கும் மதிப்புண்டு. தமிழகத்தில் 2006-2011 திமுக ஆட்சிக் காலத்தில் 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதிலாக 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் அரசு வழக்கில் வந்ததை அங்குள்ளோர் வரவேற்றனர். ஆனால் மரியாதையான சொல் மட்டும் பராமரிப்பைத் தந்துவிடாது.

மியன்மாரில் 2017இல் 90 வயதைக் கடந்த முதியோருக்கு மாதம் 10,000 கியாட் உதவித்தொகை தொடங்கப்பட்டது. மறு ஆண்டே வயது வரம்பு 85ஆகக் குறைக்கப்பட்டது. இதற்கு அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. தேவைப்பட்டது வரவு செலவுத் திட்ட ஒதுக்கீடு மட்டுமே.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பதவி பறிக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழு 2008 சட்டம் செல்லாது என்று மார்ச் இறுதியில் அறிவித்தது. இராணுவமோ 2025 டிசம்பரில் தொடங்கிய தேர்தலையும் அச்சட்டத்தின் கீழேயே நடத்தியது.

பர்மா முன்மாதிரியாகக் கொண்ட அயர்லாந்தில், குடும்பம், பராமரிப்பு குறித்த வாசகங்களை மாற்ற 2024 மார்ச் 8ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரு யோசனைகளும் நிராகரிக்கப்பட்டன. பராமரிப்பு குறித்த யோசனையை 73.9 சதவீதத்தினர் எதிர்த்தனர். பழைய வாசகம் நீடிக்க வேண்டும் என அங்கு முடிவெடுத்தவர்கள் வாக்காளர்கள். மியன்மார் மக்களிடமோ 2008 மே மாதத்துக்குப் பின் அரசியல் சட்டம் குறித்து எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை.