துணைத்தொடரை எண்ணிய வரலாறு

கணிப்பொறியியலில் எழுத்துகளின் கோவை 'சரம்' எனப்படும். அதில் சில எழுத்துகளை விட்டுவிட்டு, எஞ்சியவற்றை முன்பின் மாற்றாமல் படித்தால் கிடைப்பது அதன் 'துணைத்தொடர்'. ஒரு சரத்துக்குள் குறிப்பிட்ட ஒரு சொல் எத்தனை வழிகளில் துணைத்தொடராக அடங்கியிருக்கிறது என்னும் கேள்வி இன்று நிரல் போட்டிகளில் தொடக்கநிலைப் புதிராகக் கருதப்படினும், அதைத் தீர்க்கும் முறை போட்டிக்களத்தில் பிறந்ததன்று.

அதன் வேர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் வகுத்த 'டைனமிக் புரோகிராமிங்'கில் உள்ளது. பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாகப் பிரித்து, ஒருமுறை கண்ட விடையை மறுமுறை தேடாமல் குறித்துவைத்துப் பயன்படுத்துவதே அதன் சாரம். பெயரிலுள்ள 'புரோகிராமிங்' நிரலெழுதுவதை அன்று, திட்டமிடலையே குறித்தது. ஆராய்ச்சி என்ற சொல்லையே வெறுத்த பாதுகாப்புச் செயலர் சார்லஸ் வில்சனை உறுத்தாதிருக்க இப்பெயரைத் தேர்ந்ததாகப் பெல்மன் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். ஆனால் வில்சன் பதவியேற்றது 1953இல், பெயரோ 1952ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே வந்துவிட்டது என்பதால், சுவையான அக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை.

1970இல் சால் நீடில்மனும் கிறிஸ்டியன் வுன்ஷும் இரு புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட, இதே முறையில் கட்டம் கட்டமாக நிரப்பும் அட்டவணையைக் கையாண்டனர். ஹன்டும் பெல் ஆய்வகத்தின் மெக்கில்ராயும் 1976இல், இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' கட்டளையை மிக நீண்ட பொதுத் துணைத்தொடரைத் தேடும் வேலையாக விளக்கினர். இவர்கள் தேடியது சிறந்த ஒன்றை. எண்ணும் புதிரோ எல்லாவற்றையும் கேட்பதால், பெரியதைத் தேர்ந்த இடத்தில் கூட்டல் வந்து அமர்கிறது.

'சலசலசல' என்னும் சரத்தில் 'சல' எத்தனை வழிகளில் உள்ளது என்று காண இரு எண்ணிகள் போதும். 'ச' வரும்போதெல்லாம் முதல் எண்ணியில் ஒன்று கூடும். 'ல' வரும்போது, அதுவரை கண்ட 'ச'க்கள் ஒவ்வொன்றோடும் அது இணையக்கூடும் என்பதால், முதல் எண்ணியின் மதிப்பு முழுவதும் இரண்டாவதில் சேரும். அவ்வாறு 1, 2, 3 என்று சேர்ந்து விடை 6 ஆகிறது. ஓர் இணையைக்கூடத் தனியே எழுதிப் பார்க்கவேண்டியதில்லை.

2009இல் கூகுளின் கோட் ஜாம் போட்டியின் தகுதிச்சுற்றில் இதே கணக்கு, 'வெல்கம் டு கோட் ஜாம்' என்ற வரவேற்புத் தொடரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியோடு சேர்த்து 19 குறிகளாக வைத்துக் கேட்கப்பட்டது. வழிகளின் எண்ணிக்கை மளமளவென்று பெருகும் என்பதால் விடையின் கடைசி நான்கு இலக்கங்களே கோரப்பட்டன. 256 என்பதை 0256 என்றே எழுதவேண்டியிருந்தது. அத்தொடரில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரவில்லையாதலால் எண்ணிகளை எத்திசையில் புதுப்பித்தாலும் விடை பிழைக்காது. 'சலல' போன்ற சொல்லைத் தேடுகையில் மட்டும் கடைசி எண்ணியிலிருந்து முதல் எண்ணியை நோக்கி வரவேண்டும். இல்லையேல் சரத்தில் உள்ள ஒரே 'ல', இரண்டு 'ல'க்களின் இடத்தையும் நிரப்பியதாகக் கணக்கில் ஏறிவிடும்.